மூன்று தலைமுறை, நான்கு பெண்கள்

நீல. பத்மநாபன் தன் நாவலுக்குத் 'தலைமுறைகள்' என்று பெயர் வைத்தது 1968இல். அதற்கு நான்கு வருஷங்கள் முன்பே ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தட்டுப்படாமல் போகாது. ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளை எழுத முனைகிறபோது நம் நாவல் போய் நிற்கிற இடம், சரிந்துகொண்டிருக்கிற வீடு. அந்த வீட்டுப் பெண்களுக்குப் படிப்பு கிடையாது. அல்லது பாதியில் பிடுங்கப்பட்ட படிப்பு. பாட்டி, தாய், மகள் என்று தொடர்ச்சியாகப் படித்த பெண்கள் வாழ்ந்த வீடு தமிழ் நாவலில் காணக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வீடே இங்கு இருந்ததில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்று இருந்தது. சத்தியநாதன் குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் படித்தார்கள், எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதவும் செய்தார்கள். இவ்வளவு நடந்தும் தமிழ் இலக்கியப் பிரக்ஞையில் அவர்கள் ஒரு கீறல்கூட விழச் செய்யவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். பெண் கல்வி வரலாறு, கிறித்தவ மிஷன் வரலாறு, இந்திய ஆங்கில இலக்கியம் என்று அவர்களுக்கு அலமாரிகள் தயாராக இருக்கின்றன. இந்த நான்கு பெண்களும் ஏற்கனவே அந்த அலமாரிகளில்தான் இருக்கிறார்கள். எனக்கு அக்கறை வேறு. படிப்பும் ஓரளவு வசதியும் ஒரு குடும்பத்துப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சேருகிறபோது அவர்களுடைய எழுத்துக்கு என்ன நேர்கிறது? எழுத்து ஆழப்படுகிறதா, அல்லது நாசூக்குப் பெறுகிறதா? இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்தக் குடும்பத்தை வைத்து ஸ்தூலமாகப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். திருவேங்கடம் என்ற இளைஞர் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறித்தவரானார். டபிள்யூ. டி. சத்தியநாதன் என்ற பெயரில் பின்னால் சென்னையில் பிரபலமான போதகர் அவர்தான். அவர் மனைவி அன்னா, திருநெல்வேலியின் ஆரம்பகாலச் சுதேசிப் போதகர்களில் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள். சென்னையில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லும் ஏற்பாட்டையும் கவனித்தார். குழந்தை வளர்ப்பைப் பற்றித் தாய்மார்களுக்காக 'நல்ல தாய்' என்ற சிறு நூலைத் தமிழில் எழுதினார். இவர் முதல் தலைமுறை.

இவர்களுடைய மகன் சாமுவேல் சத்தியநாதன். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அவருடைய முதல் மனைவி கிருபாபாய். 1862இல் அகமத்நகரில், மதம் மாறிய மராட்டிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகள் வாங்கினார். உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பை விட்டார். சென்னையில் அவர் தங்கிப் படித்தது சத்தியநாதன் போதகரின் வீட்டில்தான். 'சகுணா', 'கமலா' என்று ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள். 1894இல், முப்பத்திரண்டு வயதில், இறந்துபோனார். சாமுவேல் 1898இல் மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் பெயரும் கமலா. தெலுங்குக் குடும்பம், அந்தக் காலத்தில் பட்டம் பெற்ற மிகச் சில பெண்களில் ஒருவர். 1901 ஜூலையில் 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில மாதப் பத்திரிகையைச் சென்னையில் தொடங்கினார். 1906இல் சாமுவேல் வெளிநாட்டுப் பயணத்தில், ஜப்பானில், இறந்தார். முப்பது வயது நிறையுமுன் விதவையான கமலா இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே பத்திரிகையையும் விடாமல் நடத்தினார். இவர்கள் இரண்டாம் தலைமுறை. கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா மூன்றாம் தலைமுறை. தாயின் வாழ்க்கையை 1956இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். சரோஜினி நாயுடு, பண்டித ரமாபாய் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளும் அவருடையவை.

*

இந்த வரிசையில் தமிழில் எழுதியவர் முதல் தலைமுறைக்காரரான அன்னா ஒருவர்தான். கல்லூரிப் படிப்பு இல்லாதவரும் அவர்தான். படிப்பு ஏற ஏறத் தமிழ் இறங்கியது என்று ஒரு சூத்திரம் இதிலிருந்து சுலபமாகக் கிடைக்கிறது. நம்மில் பலர் இந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. கிருபாபாயின் தாய்மொழி மராட்டி. கமலாவின் தாய்மொழி தெலுங்கு. தமிழை அவர்கள் கைவிட்டார்கள் என்று குற்றம் சாட்ட, தமிழ் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அகமத்நகரிலிருந்து ஒரு பெண், ஆந்திரத்திலிருந்து ஒரு பெண், திருநெல்வேலியிலிருந்து வந்த மாமியார். இப்படிச் சேர்ந்த வீட்டுக்கு ஆங்கிலம் பொதுமொழியாக அமைந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாதியும் ஊரும் உறைந்து கிடந்த காலத்தில், மூன்று பாஷைகளிலிருந்து பெண்கள் ஒரு வீட்டில் வந்து கூடினார்கள் என்பதே அன்றைக்குப் பெரிய மீறல். மதமாற்றத்தின் விளைவு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள், மதம் மாறாத எந்த வீட்டில் இது அந்தக் காலத்தில் சாத்தியமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். கிருபாபாயின் இரண்டு நாவல்களும் 1896இல் தமிழில் மொழிபெயர்ப்பாகி வந்தன. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' புத்தகமானதும் அதே 1896இல்தான். ஒரே வருஷத்தில், ஒரே ஊரில், 'கமலா'வும் 'கமலாம்பாள்' சரித்திரமும் தமிழ் வாசகனுக்குக் கிடைத்திருக்கின்றன. அடுத்த இரண்டு வருஷத்தில் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. ராஜம் ஐயரையும் மாதவையாவையும் தமிழ் நாவலின் தொடக்கம் என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். பக்கத்தில் கிடந்த அந்த இரண்டு புத்தகங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மொழிபெயர்ப்பு என்பதால் விட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது. ருஷ்ய நாவல்களையும் வங்க நாவல்களையும் மொழிபெயர்ப்பில் படித்துத்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். கிறித்தவப் பிரசுரம் என்பதால் அது இலக்கியச் சூழலுக்குள் வரவில்லை என்பதே நிஜம். கதையில் இந்துப் பெண் வாழ்க்கையே இருந்தாலும், அச்சிட்ட இடத்தைப் பார்த்து ஒதுக்கினோம். ஆக, அவர்கள் தமிழுக்கு வரவில்லை என்று சொல்லுமுன், வந்தபோது கதவு திறந்திருந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும்.

*

இனி எழுத்தைப் பார்க்கலாம். கிருபாபாயின் ஆரம்பக் கட்டுரை ஒன்று, நீலகிரித் தோடர்களைப் பார்த்துவந்ததைப் பற்றியது. அதைத் தன் பெயரில் அவர் வெளியிடவில்லை. 'ஓர் இந்தியப் பெண்மணி' என்று கையொப்பமிட்டார். அடக்கத்தினால் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. 'ஓர் இந்தியப் பெண்மணி' எழுதுகிறாள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் விசேஷம் என்று எழுதியவரும் அச்சிட்டவரும் படித்தவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு மனுஷி பேசவில்லை, ஒரு ஜாதி பேசுகிறது. சொல்லப்படுகிற விஷயத்தைவிட, சொல்ல முடிந்திருக்கிறது என்பதே செய்தி. இதைத்தான் நான் சான்றிதழ் எழுத்து என்கிறேன். பெண்ணுக்குப் படிப்பு வரும் என்பதற்குச் சான்று. மதம் மாறினால் மேன்மை வரும் என்பதற்குச் சான்று. ஆங்கிலம் கைவரும் என்பதற்குச் சான்று. விக்டோரியா ராணி 'சகுணா'வைப் படித்து மகிழ்ந்ததாக அன்று பெருமையாகச் சொல்லப்பட்டது. எழுதியவர் இறந்த பிறகு அவர் நினைவாகப் பதக்கம் ஏற்படுத்தினார்கள். சான்றிதழுக்குக் கிடைக்கிற மரியாதைகள் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. விமர்சனம் கிடைக்கவில்லை.

ஆனால் 'சகுணா' முழுக்கவும் சான்றிதழாக அமைந்துவிடவில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 1887-88இல் தொடராக வந்து, 1895இல் புத்தகமானது அது. சுயசரிதையும் நாவலும் கலந்த வடிவம். அதன் முதல் பகுதியில் சகுணாவின் தாய் ராதா வருகிறாள். அவள் கணவன் நெடுங்காலம் தனக்குள்ளேயே யோசித்து, வாதிட்டு, மதம் மாறுகிற முடிவுக்கு வருகிறான். அந்த யோசனையில் மனைவிக்கு இடமில்லை. செய்தி அவளுக்கு ஓர் இடியாகத்தான் வருகிறது. அவனைப் பின்தொடர்ந்து போகிறாள். வேறு போக்கிடம் கிடையாது. மனதளவில் அவள் வெகுநாள் பழைய இடத்திலேயே நிற்கிறாள். ஒரு மிஷன் பிரசுரத்தின் தேவையைப் பார்த்தால், இந்தப் பெண்ணை அறியாமையில் கிடந்து பின்பு ஒளி பெற்றவளாகக் காட்டிவிட்டு மேலே போயிருக்க வேண்டும். கிருபாபாய் அந்த முடிவுக்குக் கடைசியில் போய்ச் சேர்கிறார்தான். ஆனால் போகிற வழியில் ராதாவின் பயத்தையும் அவமானத்தையும் தனிமையையும் அதற்குரிய கனத்தோடு எழுதுகிறார். தந்தையின் ஞானோதயம் தாயின் தலையில் இறங்கிய பாரமாக இருந்திருக்கிறது என்பதை அந்த ஞானோதயத்தின் பலனாகப் பிறந்து படித்த மகளே எழுதிவிடுகிறாள். லட்சியம் ஒரு பக்கம் இழுக்க, அனுபவம் இன்னொரு பக்கம் இழுத்த இடம் இது. அனுபவம் ஜெயித்திருக்கிறது.

சகுணா பெரியவளான பிறகு வரும் மிஷன் பெண்மணிகளைப் பற்றிய பகுதியும் அப்படிப்பட்டதுதான். இந்தப் பெண்களைக் கைதூக்கிவிட வந்தவர்கள், ஒரே வீட்டில் இவர்களைத் தாழ்ந்தவர்களாக வைக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கிருபாபாய் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். கசப்பு இல்லை, மெல்லிய எள்ளல் இருக்கிறது. ஆதரவு கொடுத்தவர்களின் பிரசுரத்திலேயே அந்த எள்ளலை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

'கமலா'வில் இந்தத் தைரியம் பாதியில் நின்றுவிடுகிறது. இந்துக் குடும்பத்துச் சிறுமி, மாமியார் வீட்டுக் கொடுமை, கணவனின் அலட்சியம், இன்னொருத்தியின் குறுக்கீடு, விதவைக் கோலம். கடைசியில் அவளை நேசித்த ஒருவன் மறுமணத்துக்கு அழைக்கிறான். அவள் மறுத்துவிட்டு, தானதர்மங்களில் வாழ்வைக் கழிக்கிறாள். மறுமணம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுப்பதற்கும் ஒரு மனுஷிக்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் கமலாவின் உள்ளிருந்து வராமல், கதையை ஒரு கௌரவமான இடத்தில் முடிக்க வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து வருகின்றன. ராதாவை எழுதியபோது கிருபாபாய்க்குத் தாயின் முகம் முன்னால் இருந்தது. கமலாவை எழுதியபோது 'இந்துப் பெண்' என்ற பிரச்னை முன்னால் இருந்தது. முகம் இருக்கிற இடத்தில் நாவல் பிறக்கிறது. பிரச்னை மட்டும் இருக்கிற இடத்தில் மனுப்போல ஏதோ ஒன்று பிறக்கிறது.

*

கமலா சத்தியநாதனின் பத்திரிகைக்கு வருகிறேன். 1901 முதல் 1918 வரை ஒரு கட்டம். 1927இல் மீண்டும் தொடங்கி 1938 வரை இன்னொரு கட்டம். ஒரு விதவைப் பெண் இத்தனை வருஷம் ஒரு பத்திரிகையைத் தாங்கினார் என்பதற்கு மரியாதை செய்யாதவன் பத்திரிகை நடத்திப் பார்க்காதவன். சிறு பத்திரிகைக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. சரோஜினி நாயுடு அதில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பத்திரிகைப் பக்கங்களில் பிரசுரமானவற்றுள் இன்றைக்கும் உயிரோடு நிற்பது ஒரு கதை: ரொக்கையா சக்காவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு', 1905. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் விஞ்ஞானத்தின் துணையோடு நாட்டை நடத்துகிற கனவு. வங்காளத்து முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் அச்சான கதை. உலகம் முழுக்க இன்று அதைப் படிக்கிறார்கள். அச்சேறிய ஊரில் நாம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரொக்கையா பள்ளிக்கூடத்துக்கே போனவரல்ல. அண்ணன் வீட்டில் வைத்து ரகசியமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். 'சகுணா'விலும் பாஸ்கர் என்ற அண்ணன்தான் தங்கைக்குப் படிப்பின் மீது தாகத்தை உண்டாக்குகிறான், பிறகு இறந்துபோகிறான். இரண்டு பேருக்கும் படிப்பு ஒரு திருட்டுச் சந்தோஷமாக வந்தது. பட்டமாக வரவில்லை. பட்டதாரிப் பெண்களுக்காகப் பட்டதாரிப் பெண் நடத்திய பத்திரிகையில் மிகத் தீவிரமான எழுத்தைக் கொடுத்தவர் பள்ளிக்குப் போகாதவர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழிலும் இதற்குச் சமமான உதாரணம் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிப் படிப்பில்லாதவர். அவருடைய முதல் ஆக்கம் 'இந்திர மோகனா', அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதியது. 1925இல் 'ஜகன்மோகினி'யை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அந்த நாவல்களின் இலக்கியத் தரம் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனால் தமிழ்ப் பெண் வாசகர்களை உண்டாக்கிய காரியத்தை அவர்தான் செய்தார், கல்லூரிகள் செய்யவில்லை. ஆர். சூடாமணியும் கல்லூரிக்குப் போனதில்லை. வசதியான, கலை ரசனையுள்ள குடும்பம்; வீட்டிலேயே கற்றவர். அவருடைய நல்ல கதைகளில் வீட்டுக்குள்ளேயே நடக்கும் சின்னச் சின்னக் கொலைகள் எவ்வளவு நிதானமாகப் பதிவாகியிருக்கின்றன!

படிப்பு எழுத்தைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள், பெண்கள் படித்துவிடக்கூடாது என்ற பழைய கட்சியின் புதிய வக்கீல்கள். படிப்பு ஸ்தாபனமாகி, குடும்பத்தின் பெருமையாகி, அந்தப் பெருமையைக் காப்பாற்றும் கடமையை எழுத்தின் மீது சுமத்துகிறபோதுதான் கெடுக்கிறது. மூன்றாம் தலைமுறையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பத்மினி சென்குப்தா தாயின் வாழ்க்கையை எழுதினார். மதிப்பும் பாசமும் நிரம்பிய நூல். கிருபாபாயும் தாயைத்தான் எழுதினார். கிருபாபாயின் தாய் நாவலுக்குள் காயத்தோடு நிற்கிறாள். பத்மினியின் தாய் வரலாற்றில் தன் இடத்தோடு நிற்கிறாள். குடும்பம் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்ட பிறகு, அதன் மகள் காயத்தை எழுதுவது கஷ்டம். எழுதினால் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்ததாகும். எழுபது வருஷத்தில் ஒரு குடும்பம் நாவலிலிருந்து வாழ்க்கை வரலாற்றுக்கு நகர்ந்திருக்கிறது. சமூக அந்தஸ்தில் இது ஏற்றம். இலக்கியத்தில் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

*

அமெரிக்காவைப் பார்த்தால் வேறொரு நிலைமை. வாஸர் கல்லூரி 1865இல் பெண்களுக்குப் பாடம் தொடங்கியது. நூறு வருஷம் முடிவதற்குள், 1963இல், அங்கு படித்த மேரி மக்கார்த்தி 'தி க்ரூப்' நாவலை எழுதினார். 1933இல் வாஸரில் பட்டம் பெற்ற எட்டுப் பெண்கள். பெரும்பாலும் வசதியான குடும்பங்கள். மக்கார்த்தி பட்டம் பெற்றதும் அதே 1933இல்தான். தன் கல்லூரி, தன் வர்க்கம், தன் தோழிகள் யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கல்யாணத்தில் தொடங்கிச் சாவில் முடிகிற அந்த நாவலில், படித்த பெண்களின் பாசாங்குகள் உரிக்கப்படுகின்றன. பெரிய நாவல் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். பல இடங்களில் அது கெட்டிக்காரத்தனத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த எள்ளலுக்குப் பின்னால் ஒரு நிச்சயம் இருக்கிறது. பெண்ணுக்குப் படிப்பு வேண்டுமா என்று அங்கே இனி யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் படித்தவளைக் கேலி செய்யலாம். சத்தியநாதன் வீட்டுப் பெண்களுக்கு அந்த நிச்சயம் கிடைக்கவில்லை. அவர்கள் ஒரு வரி கேலியாக எழுதினால், 'படித்த பெண்கள் இப்படித்தான்' என்று எடுத்துக்காட்டப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். சாட்சிக் கூண்டில் நிற்கிறவள் சிரிக்க முடியாது. கிருபாபாய் அங்கங்கே சிரித்திருக்கிறார் என்பதே அவருடைய மேதைமைக்கு அடையாளம்.

நான் இதை எழுதுகிற கம்பைநல்லூர், 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அதே பழைய ஜில்லாவின் இன்னொரு கோடியில் திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன். அந்தக் குடும்பத்து ராதாபாய் சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1930இல் முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். மகள் பார்வதி கிருஷ்ணனும் ஆக்ஸ்போர்டுதான். கம்யூனிஸ்டாகி, பாராளுமன்றத்துக்குப் போனார். தாயும் மகளும் தங்கள் காலத்தோடு மோதியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஜமீன் மாளிகையிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போன ஒரு மகளின் மனசுக்குள் என்ன நடந்தது என்பது எந்த மொழிக்கும் ஒரு நாவல். தமிழில் அதை யாரும் எழுதவில்லை. நமக்கு அந்த வீட்டுக்குள் போக வழி தெரியவில்லை. அவர்களுக்கு எழுதத் தமிழ் தேவைப்படவில்லை.

கம்பைநல்லூரில் எந்தப் பெண்ணுக்கும் மூன்று தலைமுறைப் படிப்பு கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம். இங்கே பாட்டியின் பெயர் தெரியும். பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் வராது. குலதெய்வக் கோயிலில் சொல்லப்படுவது ஆண் வழி. தலைமுறை என்பதே ஒரு சொத்து என்பது இங்கிருந்து பார்க்கும்போதுதான் புரிகிறது. கடிதங்கள், போட்டோக்கள், கல்லறைக் கல்வெட்டு, கையெழுத்துப் போட்ட புத்தகம் இதெல்லாம் இருக்கிற வீட்டுக்குத்தான் தலைமுறைகள் உண்டு. மற்ற வீடுகளில் ஆட்கள் மட்டும்தான் உண்டு. இன்னும் கொடுமையான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்த பிரதேசம் இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய அந்தத் திட்டம், பின்னால் தர்மபுரிக்கும் வந்தது. பெண் வழித் தலைமுறை என்று நாம் இலக்கியத்தில் பேசுகிறபோது, அந்த வழி எங்கே அறுக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து இன்று பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். தர்மபுரிக்கும் அரூருக்கும் போகிற பஸ்களில் காலையில் அவர்கள்தான். தாய் கடலைக்காட்டிலும் மரவள்ளிக்காட்டிலும் கூலிக்கு நிற்க, மகள் பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறாள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அவளுக்குப் பெயர். சர்க்கார் விண்ணப்பங்களில் அதற்கு ஒரு கட்டமே உண்டு. அன்னா சத்தியநாதனுக்கும் கிருபாபாய்க்கும் நேர்ந்தது இவளுக்கும் நேர்கிறது. பிழைத்திருப்பதே ஒரு சான்றாகிவிடுகிறது. ஊருக்கு உதாரணம், சாதிக்கு உதாரணம், திட்டத்தின் வெற்றிக்கு உதாரணம். இவளிடம் எல்லாரும் எதிர்பார்ப்பது ஒரு கட்டுரை: நான் எப்படிப் படித்தேன். அதை எழுதிப் பரிசு வாங்கலாம். ராதாவை எழுத முடியாது.

*

'புத்தம் வீடு' இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகிறது. ஹெப்ஸிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியை; கிறித்தவர்; சத்தியநாதன் வீட்டுப் பெண்களுக்கு நேர் வாரிசாக இருந்திருக்கக் கூடியவர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதியது, பனைவிளைகளுக்கு நடுவே சரிகிற ஒரு வீட்டைப் பற்றி, அந்த வட்டாரத்துத் தமிழில். அதன் நாயகி லிஸி வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படுகிறாள். கல்லூரி வாத்தியாரம்மா எழுதிய நாவலின் மையத்தில், படிப்பு மறுக்கப்பட்ட பெண் நிற்கிறாள். அவளைப் பார்த்து ஆசிரியை பரிதாபப்படவில்லை. அவளுக்குப் பாடம் சொல்லவும் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு என்ன தெரிந்தது, அவள் எதை விரும்பினாள், எப்படிக் காத்திருந்தாள் என்பதை அவளுடைய அளவிலேயே சொல்கிறார். படிப்பு இங்கே சான்றிதழாக இல்லை. படிக்காத ஒருத்தியின் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்காரத் தெரிகிற பக்குவமாக இருக்கிறது. கிருபாபாய் ராதாவின் பக்கத்தில் உட்கார்ந்தது இதே மாதிரிதான். நடுவில் எழுபது வருஷம். நடுவில் ஒரு பாஷை.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' 1971இல் 'கசடதபற'வில் வந்தபோது மகள் தாயைப் பார்க்கும் பார்வை இன்னொரு தளத்துக்குப் போயிற்று. அங்கே தாய் பாதிக்கப்பட்டவளாக மட்டும் இல்லை, காயப்படுத்துகிறவளாகவும் இருக்கிறாள். சத்தியநாதன் வீட்டில் எந்தப் பெண்ணும் எழுதத் துணியாத வாக்கியம் அது. பாட்டியும் தாயும் மகளும் படித்த வீடாக இருந்தால், அந்த வாக்கியம் இன்னும் சிக்கலாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. படித்த தாய் எப்படிக் காயப்படுத்துவாள்? தன் விடுதலையை மகள் மீது கடனாக எழுதி வைப்பாளா? அந்த வீட்டில் சமைத்தவள் யார், அவளுடைய மகள் எந்தப் பள்ளிக்குப் போனாள்? இந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிற நாவல் தமிழில் இன்னும் வரவில்லை. இன்று நம் நகரங்களில் மூன்று தலைமுறையாகப் படித்த பெண்கள் இருக்கிற வீடுகள் ஏராளம். அவர்களுக்கு மக்கார்த்தியின் நிச்சயமும் கிடைத்துவிட்டது. எழுதாமல் இருப்பதற்கு இனிச் சாட்சிக் கூண்டைக் காரணம் சொல்ல முடியாது.

கிருபாபாயை நாம் திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. முதல் பெண் நாவலாசிரியர் என்ற பட்டயத்துக்காகப் படிக்க வேண்டாம். அது இன்னொரு பதக்கம், அவருக்குப் பதக்கங்கள் போதும். 'சகுணா'வில் ராதா வருகிற பக்கங்களுக்காகப் படிக்க வேண்டும். 1896இல் தமிழில் வந்த அந்த மொழிபெயர்ப்புகள் எங்காவது ஒரு பழைய மிஷன் நூலகத்தில் கிடந்தால், தேடியெடுத்து, 'கமலாம்பாள் சரித்திர'த்துக்குப் பக்கத்தில் வைத்து, தயவு தாட்சணியமில்லாமல் ஒப்பிட வேண்டும். ராஜம் ஐயரிடம் இருக்கிற மொழி வீச்சு அங்கே இருக்காது. ஆனால் ஒரு வீட்டில் கணவனுக்கு ஞானம் பிறக்கிற நேரத்தில் மனைவிக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி ராஜம் ஐயரிடமும் இருக்கிறது, கிருபாபாயிடமும் இருக்கிறது. வேதாந்தத்தை நோக்கிப் போகிறவனைப் பின்தொடரும் கமலாம்பாளையும், கிறிஸ்துவை நோக்கிப் போகிறவனைப் பின்தொடரும் ராதாவையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால், தமிழ் நாவல் விமர்சனம் தன் முதல் நல்ல கட்டுரையை அந்த நாளிலேயே எழுதியிருக்கும். மேஜை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.